நல்ல தோல் ஒழுகும்

கண்ணாடிக் குழாயில் கறுப்பு மார்க்கரால் போட்ட கோட்டுக்கு மேலே ஏறியிருக்க வேண்டிய சிவப்பு, கோட்டுக்குக் கீழே ஒரு விரற்கடை இறங்கியிருந்தது.

கௌசர் கண்ணை மூடித் திறந்து பார்த்தாள். சிவப்பு அப்படியேதான் இருந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பத்தே கால். பதினொன்றரைக்குப் பள்ளியின் கரஸ்பாண்டென்ட் வருகிறார்.

ஏற்பாடு ரொம்ப எளிமையானது. நீளக் காம்பு வைத்த ஒரு கண்ணாடிப் புனல். அதன் அகன்ற வாயை ஒரு மெல்லிய சவ்வால் இறுகக் கட்டி, உள்ளே சிவப்புச் சாயம் கலந்த கெட்டிச் சர்க்கரைப் பாகை ஊற்றி, புனலைக் கவிழ்த்துத் தண்ணீர் நிறைந்த பீக்கரில் வாய் மட்டும் முங்கும்படி நிறுத்த வேண்டும். சவ்வு தண்ணீரை உள்ளே விடும். சர்க்கரையை வெளியே விடாது. பீக்கர் தண்ணீர் சவ்வு வழியாக உள்ளே நுழைய நுழைய, காம்பில் சிவப்பு கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். சவ்வூடு பரவல். பதினொன்றாம் வகுப்புத் தாவரவியலில் எந்த வாத்தியாரையும் கைவிடாத சோதனை இது.

இன்றைக்குக் கைவிட்டிருந்தது.

அதுவும் எந்த நாளில்! ஆம்பூரில் தோல் வியாபாரிகள் சேர்ந்து நடத்தும் அந்த மேல்நிலைப் பள்ளியில் தாவரவியலுக்கு நிரந்தர ஆசிரியர் இடம் ஒன்றுதான் இருந்தது. ஆட்கள் இரண்டு பேர். வேலூரிலிருந்து வந்த டாக்டர் சூரியபிரகாஷ் நேற்று இதே பிள்ளைகளுக்கு இதே பாடத்தை நடத்திக் காட்டிவிட்டுப் போயிருந்தார். ஸ்மார்ட் போர்டில் நீல உருண்டைகள் வரிசையாக வந்து சவ்வைத் தட்டி, அனுமதி வாங்கி, உள்ளே போயின. பின்னணியில் வீணை இசை. கரஸ்பாண்டென்ட் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த ஹெச்.எம். கோவிந்தசாமி எழுந்து நின்று கைதட்டினார்.

இன்று கௌசரின் முறை. அவளுடைய தற்காலிக வேலை வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. இந்த இடம் கிடைக்காவிட்டால் திங்கட்கிழமை அவள் நிற்க வேண்டிய இடம் பைபாஸ் ரோட்டு ஷூ கம்பெனியின் செக்கிங் டேபிள். ஏற்கெனவே நான்கு வருடம் அங்கே நின்று தோல் துண்டுகளைத் தடவித் தடவிக் குறை கண்டுபிடித்தவள்தான். அந்த வேலையில் இருந்துகொண்டே எம்.எஸ்சி.யும் பி.எட்.டும் முடித்தாள். மோசமான வேலை என்று சொல்ல முடியாது. ஆனால் தோல் கேள்வி கேட்காது. பதினொன்றாம் வகுப்பு கேட்கும். பத்து மாதத்தில் அந்த ருசி ஒட்டிக்கொண்டுவிட்டது.

புனலில் விரிசலா? கண்ணாடியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். இல்லை. கட்டு தளர்ந்ததா? வெள்ளை நூலில் எட்டுச் சுற்று, இரட்டை முடிச்சு. இல்லை. யாராவது கை வைத்தார்களா? ஆய்வகச் சாவி இரண்டே பேரிடம்தான். ஒன்று அவளிடம். இன்னொன்று லேப் அட்டெண்டர் தனகோடியிடம்.

சட்டையின் கையை மடித்துக்கொண்டு பீக்கருக்குள் விரலை விட்டாள். புனலின் வாயைத் தொட்டாள்.

சவ்வு என்றால் வழுக்கும். இது வழுக்கவில்லை. மெத்தென்று, பொடிப்பொடியான நாரோடு, நன்றாகப் பழகிய ஏதோ ஒன்றாக இருந்தது. நான்கு வருடம் நாளுக்கு ஐந்நூறு துண்டு தடவிய விரல், மூளைக்கு முன்னால் உண்மையைச் சொல்லிவிட்டது.

“தனகோடிண்ணா.”

பக்கத்து அறையில் டெஸ்ட் டியூப் கழுவிக்கொண்டிருந்த தனகோடி ஈரக் கையோடு வந்தார். இருபத்திரண்டு வருட சர்வீஸ். மீசைக்குத் தினமும் எண்ணெய் தடவுகிறவர்.

“இதுல இன்னா கட்டியிருக்கீங்க?”

“இன்னா மிஸ், நீங்க கேட்டதைத்தான்.”

“நான் கேட்டது ஆட்டு மூத்திரப் பை.”

தனகோடி வாசலை ஒரு பார்வை பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

“மிஸ், கரஸ்பாண்டென்ட் சார் வர்றாரு. அவரு முன்னாடி டேபிள் மேல போய் அதை வெச்சா பள்ளிக்கூடத்துக்கு இன்னா மரியாதை? அதான் டேனரியில வேலை செய்யற மச்சான்கிட்ட சொல்லி நல்ல துண்டா ஒண்ணு வாங்கியாந்தேன். ஆட்டுத் தோல்தான். நல்லா சீவி மெல்லிசாக்கினது. ஏ கிரேடு. வெளிச்சத்துல புடிச்சுப் பார்த்தேன் மிஸ், ஒரு ஊசி ஓட்டை கெடையாது. உங்களுக்கு ஒரு சர்ப்ரைஸா இருக்கட்டும்னு காலையில வந்து நானே கட்டி வெச்சேன்.”

வேறு ஊரில் அட்டெண்டரை மூத்திரப் பை வாங்கி வரச் சொன்னால், ஒன்று வாங்கி வருவார், இல்லை கிடைக்கவில்லை என்று கையை விரிப்பார். ஆம்பூரில் அப்படி இல்லை. இங்கே பச்சையாக இருக்கும் எதையும் விருந்தாளி முன்னால் வைக்க மாட்டார்கள். ஊற வைத்து, சுத்தம் செய்து, பதம் போட்டு, சீவிய பிறகுதான் அது சரக்கு. தனகோடி செய்தது தவறு என்று இந்த ஊரில் ஒருத்தரும் சொல்ல மாட்டார்கள். தாவரவியல் மட்டும்தான் சொல்லும்.

“போச்சு,” என்றாள் கௌசர்.

“இன்னா மிஸ் போச்சு? நான் வேணா இப்பவே வண்டிய எடுத்துனு கசாப்புக் கடைக்கு...”

“இந்நேரத்துக்குக் கெடைக்குமா?”

தனகோடி யோசித்தார். “கெடைக்காது. அதை விடியக்காலையிலயே தூக்கிப் போட்டுடுவாங்க.”

முட்டை ஓட்டைக் கரைத்துச் சவ்வு எடுக்கலாம். ஒரு நாள் ஆகும். உருளைக்கிழங்கைக் குடைந்து வைக்கலாம். இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். இருப்பது ஒரு மணி நேரம் பத்து நிமிடம். மேசை ஓரத்தில் உறை போட்டு மூடிக் கிடந்த ஒரே மைக்ராஸ்கோப்பின் மேல் கௌசரின் கண் போய் நின்றது.

“பிரியாணிக் கடையில இந்நேரம் வெங்காயம் அரிஞ்சினு இருப்பாங்கல்ல?”

“இருப்பாங்களாவா? மூட்டை மூட்டையா அரிவாங்க.”

“நல்லா கருஞ்செவப்பா பார்த்து ரெண்டு எடுத்துட்டு வாங்க. அப்படியே சத்துணவுக் கூடத்துல ஒரு பிடி உப்பு.”

“தயிர்ப் பச்சடியா மிஸ்?”

“இது சரியா வரலைன்னா என்னைத்தான் பச்சடி போடுவாங்க. ஓடுங்கண்ணா.”

தனகோடி ஓடினார். கௌசர் புனலை ஸ்டாண்டோடு தூக்கிக்கொண்டு அலமாரிப் பக்கம் போனாள். ஒளித்துவிட வேண்டியதுதான். கதவைத் திறந்தாள். அப்போதுதான் பீக்கரைச் சரியாகப் பார்த்தாள்.

தோலிலிருந்து சிவப்பு புகை மாதிரி கீழே இறங்கி, அடியில் கெட்டியாகத் தேங்கி, மேலே போகப் போக ரோஜா நிறமாகி, தண்ணீரின் மேல்மட்டத்தில் இருந்தும் இல்லாமலும் முடிந்தது. அவள் கலக்கவில்லை. யாரும் கலக்கவில்லை. பாடத்தின் முதல் பாதி, அதாவது பரவல், அவளைக் கேட்காமலே பீக்கருக்குள் நடந்துகொண்டிருந்தது.

அலமாரியைச் சாத்தினாள். புனலைக் கொண்டுபோய் மேசைக்கு நட்டநடுவில் வைத்தாள்.

*

பதினொன்றரைக்குப் பிள்ளைகள் நாற்பத்திரண்டு பேரும் ஆய்வகத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். கடைசி வரிசையில் ஹெச்.எம். கோவிந்தசாமி ஃபைலோடு. அவர் பக்கத்தில் கரஸ்பாண்டென்ட் வக்கார் அகமது. வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தாடி, பாக்கெட்டில் இரண்டு பேனா. வாணியம்பாடி ரோட்டில் தோல் பதனிடும் டேனரி வைத்திருக்கிறார். பத்தாம் வகுப்போடு தொழிலுக்குப் போனவர். ஆசிரியர் நியமனத்தில் கடைசிக் கையெழுத்து அவருடையது.

“இது ஒரு குற்றம் நடந்த எடம்,” என்று ஆரம்பித்தாள் கௌசர்.

பிள்ளைகள் நிமிர்ந்தார்கள். ஹெச்.எம். முகம் சுருங்கியது.

“காலையில செவப்பு மொத்தமும் இந்தப் புனலுக்குள்ள இருந்துச்சு. மேல ஏறியிருக்கணும். ஏறல. கீழ எறங்கி, பீக்கருக்குள்ள வந்துட்டுது. ரெண்டு கேள்வி. எப்படி வந்துச்சு? யார் கதவைத் தொறந்து விட்டது?”

முன் பெஞ்சு தௌசீப் அகமது கையைத் தூக்கினான். “எப்படி மிஸ் தானா வரும்? யாராச்சும் ஸ்பூன் போட்டுக் கலக்கியிருக்கணும்.”

“ஏன்டா,” என்றாள் பின்னாலிருந்து தமிழினி. வகுப்பில் அவள் வாய்க்கு யாரும் எதிர்வாய் கொடுப்பதில்லை. “நீ லஞ்ச்ல பிரியாணி டப்பாவைத் தொறந்தா கடைசி பெஞ்சு வரைக்கும் வாசனை வருதே. அதை யாரு ஸ்பூன் போட்டுக் கலக்கறா?”

“அது காத்து.”

“ஃபேன் ஓடலன்னாலும்தான் வருது. ஜாஸ்தி இருக்கற எடத்துலேர்ந்து கம்மியா இருக்கற எடத்துக்கு அதுவா போவும். யாரும் தள்ள வேணாம்.”

“அதுக்குப் பேரு?” என்றாள் கௌசர்.

“பரவல்,” என்று நாற்பது குரல் சொன்னது.

“முதல் கேள்வி முடிஞ்சுது. இப்ப ரெண்டாவது. சவ்வு கட்டியிருந்தா சர்க்கரையும் சாயமும் உள்ளயே நின்னிருக்கும். நிக்கல. அப்போ குற்றவாளி...”

“அது சவ்வு இல்ல.”

குரல் கடைசி வரிசையிலிருந்து வந்தது. வக்கார் அகமது எழுந்து நடந்து வந்தார். குனிந்தார். மூக்கை பீக்கர் பக்கம் கொண்டுபோனார். ஒரு விரலைத் தண்ணீருக்குள் விட்டு, புனலின் வாயை ஒரே ஒரு தடவு தடவினார்.

“ஆட்டுத் தோல். குரோம் பதம். பாயின்ட் எட்டு எம்.எம். சீவல்.” நிமிர்ந்தார். “என் ஃபாக்டரி சரக்கு.”

கௌசர் பக்கம் திரும்பினார்.

“யாரு கட்டினது?”

“லேப்ல நடக்கறது எல்லாம் என் பொறுப்பு சார்,” என்றாள் கௌசர்.

“நான்தான் சார்,” என்றார் தனகோடி கதவோரத்திலிருந்து. கையில் வெங்காயப் பை. “மிஸ் கேட்டது வேற. நான்தான் மரியாதையா இருக்கட்டும்னு...”

ஹெச்.எம். எழுந்துவிட்டார். “சார், நாம ஆஃபீஸ் ரூமுக்குப் போய்டலாம். நேத்து டாக்டர் சூரியபிரகாஷ்...”

வக்கார் அகமது கையைக் காட்டி அவரை உட்கார வைத்தார். அவர் கவலை வேறாக இருந்தது.

“என் தோல்ல ஓட்டைங்கறீங்களா? முப்பத்தெட்டு வருஷமா ஏத்துமதி பண்றேன். ஒழுகுதுன்னு ஒரு பீஸ் திரும்பி வந்ததில்ல.”

வேலை கொடுக்க வேண்டியவரிடமே அவர் சரக்கைப் பற்றிப் பேச வேண்டும். சமாளித்துப் பேசலாம். நூல் சரியாகக் கட்டவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் அவருடைய தோல் தப்பிக்கும், அவளும் தப்பிப்பாள். ஆனால் நாற்பத்திரண்டு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாளைக்கு இவர்கள் பரீட்சையில் நூலைப் பற்றி எழுதக் கூடாது.

“சார், உங்க தோல் நல்ல தோல். அதனாலதான் ஒழுகுது.”

“இன்னா?”

“நான் நாலு வருஷம் ஷூ கம்பெனி செக்கிங்ல நின்னிருக்கேன் சார். ஷூ போட்டா கால் வேர்க்கும். வேர்வை வெளிய போகலைன்னா அந்த ஷூவை எவன் வாங்குவான்? நல்ல தோல் மூச்சு விடணும். உள்ள நார் நாரா இருக்கு, நடுவுல சந்து சந்தா இருக்கு. நீங்க சாயத் தொட்டியில போட்டா சாயம் உள்ள ஏறணும், ஏறுது. இங்கேயும் அதான் நடந்திருக்கு. தண்ணி போவுது, சர்க்கரை போவுது, சாயம் போவுது. போறவங்க வர்றவங்க யாரையும் அது கேக்காது. உயிரோட இருக்கற செல்லோட சவ்வு அப்படி இல்ல. அது ஃபாக்டரி கேட்ல நிக்கற வாட்ச்மேன். தண்ணிய விடும். சர்க்கரைய, உப்பை நிறுத்தும்.”

வக்கார் அகமது தாடியைத் தடவினார். ஓட்டை இல்லை, மூச்சு விடுகிறது. அந்த வார்த்தை அவருக்குப் பிடித்துவிட்டது என்பது தெரிந்தது. அடுத்த மாதம் ஏதாவது ஒரு வெளிநாட்டு வியாபாரியிடம் அதைச் சொல்லத்தான் போகிறார்.

“சரி. அந்த வாட்ச்மேனை எங்க போய் பார்க்கறது?”

“இங்கயே சார்.”

தனகோடி வெங்காயத்தை நீட்டினார். கௌசர் அதைப் பிளந்து, மேல் ஏட்டிலிருந்து கருஞ்சிவப்புத் தோலை நகத்தால் உரித்து, ஒரு சின்னச் சதுரத்தைக் கண்ணாடி ஸ்லைடில் பரப்பி மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்தாள். வக்கார் அகமது மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தார்.

“செங்கல் அடுக்கின மாதிரி இருக்கு. கத்தரிப்பூ கலர்.”

“ஒவ்வொரு செங்கலும் ஒரு செல். அப்படியே பார்த்துனு இருங்க சார். உப்புத் தண்ணி விடறேன்.”

ஒரு சொட்டு. அவர் அசையவில்லை. இருபது எண்ணுவதற்குள் அவர் முதுகு விறைத்தது.

“கலரு சுருங்குது. ஓரத்தை விட்டு உள்ள போவுது. சட்டை அதே சைஸ், உள்ள இருக்கற ஆளு இளைச்சிட்டான்.”

“உள்ள இருந்த தண்ணி உப்பைத் தேடி வெளிய வந்துட்டுது. கலரு வெளிய வந்துச்சா சார்?”

“இல்ல. உள்ளயே சுருண்டுனு இருக்கு.”

“வாட்ச்மேன் நிறுத்திட்டான்,” என்றான் தௌசீப்.

அதற்குப் பிறகு யாரையும் பிடிக்க முடியவில்லை. நாற்பத்திரண்டு பேரும் வரிசை கட்டினார்கள். ஆளுக்குப் பத்து விநாடி என்று தமிழினி சட்டம் போட்டு, தானே எண்ணவும் செய்தாள். பார்த்து முடித்த தௌசீப், ஏதோ ஞாபகம் வந்தவனாகத் திரும்பினான்.

“மிஸ், எங்க சாச்சா கோடவுன்ல பச்சைத் தோலுக்கு உப்பு போட்டு அடுக்குவாங்க. மறுநாள் பார்த்தா அடியில தண்ணி ஓடும். வாசல் எப்பவும் ஈரம்தான். அதுவும் இதுதானா?”

“உப்பு போட்டா தோலு கெடாது,” என்றார் வக்கார் அகமது. “கிருமிய உப்பு சுட்டுடும்னு எங்கப்பா சொல்வாரு.”

“சுடல சார்,” என்றாள் தமிழினி, ஒன்பது, பத்து, அடுத்தது என்று எண்ணியபடியே. “கிருமிக்கும் செல்லு இருக்கு, சவ்வு இருக்கு. வெளிய உப்பு ஜாஸ்தின்னா அதுக்குள்ள இருக்கற தண்ணி வெளிய வந்துடும். தண்ணி இல்லாம அது இன்னா பண்ணும்? வேலை செய்யாம படுத்துக்கும்.”

கௌசர் இடையில் விளக்கம் சொல்ல அவசியம் வரவில்லை.

வக்கார் அகமது பிறகு கேட்டார்: “டேனரியில உப்புத் தோலைத் தண்ணியில ஊறப் போட்டா மறுபடி மெத்துன்னு வந்துடும். இந்த வெங்காயம் வருமா?”

“செல்லு உயிரோட இருந்தா வரும் சார்.”

“உயிரோட இருக்கா?”

கௌசர் கடிகாரத்தைப் பார்த்தாள். இருபது நிமிடம். அவ்வளவு நேரமாக அந்தத் துண்டு உப்பிலேயே கிடக்கிறது.

“தெரியாது சார். ரொம்ப நேரம் ஆயிடுச்சு. செத்திருந்தா வராது.”

ஹெச்.எம். இருமினார். முன்னால் வந்து அவள் பக்கமாகச் சாய்ந்து, “புது ஸ்லைடு போடுங்கம்மா,” என்று கிசுகிசுத்தார்.

“புதுசு வேணாம்,” என்றார் வக்கார் அகமது. காது கூர்மையான மனிதர். “இதே.”

கௌசர் ஸ்லைடின் ஒரு பக்கத்தில் இன்னொரு பீக்கரில் இருந்த தண்ணீரைச் சொட்டு சொட்டாக விட்டு, மறு பக்கத்தில் மைத்தாளை வைத்து உப்புத் தண்ணீரை உறிஞ்சினாள். மூன்று முறை. நான்கு முறை. வக்கார் அகமது கண்ணை எடுக்கவில்லை.

“நகருது,” என்றார்.

வகுப்பு மொத்தமும் ஒரு அடி முன்னால் வந்தது.

“நின்னுடுச்சு.”

அரை நிமிடம். ஒரு நிமிடம்.

“பாதியில நிக்குது. அதுக்கு மேல வரல.”

ஹெச்.எம். ஃபைலை மூடிய சத்தம் கேட்டது.

“ஒரு நிமிஷம் சார்.” கௌசர் குனிந்து பார்த்தாள். செத்திருந்தால் சவ்வு கிழிந்து நிறம் எங்கும் வழிந்திருக்க வேண்டும். வழியவில்லை. ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் நிறம் கட்டுக்கோப்பாக இருந்தது. உயிர் இருக்கிறது. வாட்ச்மேன் டியூட்டியில்தான் இருக்கிறான். பிறகு ஏன் தண்ணீர் உள்ளே போகவில்லை? வெளியே இன்னும் உப்பு இருந்தால்தான் போகாது. ஆனால் உப்பைத்தான் நான்கு முறை அலசியாகிவிட்டதே. அலசியது எதனால்?

நிமிர்ந்தாள்.

“தனகோடிண்ணா, இந்தத் தண்ணி எங்க புடிச்சது?”

“பைப்புலதான் மிஸ்.”

“அய்ய, அது போர் தண்ணியாச்சே,” என்றாள் தமிழினி. “அதுல துணி தொவச்சா நொரையே வராது மிஸ். வாயில வெக்க முடியாது, அவ்ளோ உப்பு.”

சொல்லி முடித்த பிறகுதான் யார் முன்னால் சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது. இந்தப் பக்கத்தில் போர் தண்ணீர் ஏன் உப்புக் கரிக்கிறது என்று யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தோலிலிருந்து உதறிய உப்பு வருஷக்கணக்கில் எங்கே போனது என்று நாற்பத்திரண்டு பேருக்கும் தெரியும். நாற்பத்திரண்டு பேரும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்தார்கள். ஹெச்.எம். தரையைப் பார்த்தார்.

“இன்னாத்துக்கு எல்லாரும் சுவத்தைப் பார்க்கறீங்க?” என்றார் வக்கார் அகமது. “எங்க உப்புதான் அது. சொல்லுங்க, பரவால்ல.”

“எங்கம்மாவும் அப்படித்தான் சொல்வாங்க சார்,” என்றாள் தமிழினி.

முதலில் சிரித்தது வக்கார் அகமதுதான். தாடி குலுங்கச் சிரித்தார். பிறகுதான் மற்றவர்களுக்குத் தைரியம் வந்தது. தமிழினி தன் பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்தாள். வீட்டில் பிடித்த கேன் தண்ணீர். கௌசர் புதுத் துளிவிடுகுழாயில் அதை எடுத்தாள். முதல் சொட்டு. மைத்தாள். இரண்டாவது சொட்டு. மைத்தாள்.

வக்கார் அகமது கண்ணை வைத்தார்.

“சார், எங்களுக்கும் சொல்லுங்க சார்,” என்றான் தௌசீப்.

“இருப்பா... அசையுது. ரெண்டாவது கட்டம் ரொம்புது. மூணாவதும். பாதியில நின்ன எடத்தைத் தாண்டிட்டுது.” அவர் குரல் ஏறியது. “சுவரைத் தொட்டுடுச்சு. மேல் வரிசை பூரா ரொம்பிடுச்சு. ஓரத்துல ஒருத்தன் மட்டும் வரல. கலரெல்லாம் ஒழுகிட்டுது. போய்ட்டான், பாவம். மத்தவன் எல்லாம் உட்கார்ந்துட்டான் சட்டைக்குள்ள.”

யாரோ கைதட்டினார்கள். அது கதவோரத்துத் தனகோடி.

வக்கார் அகமது நிமிர்ந்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். ஹெச்.எம். பக்கம் திரும்பினார்.

“நேத்து அந்த டாக்டர் எப்படி நடத்தினாரு?”

“ரொம்ப நல்லா நடத்தினாரு சார். ஒரு தப்பு நடக்கல.”

“ஆமா. நடக்கல.” அவர் யோசித்தார். “எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல. ஏதோ வீணை கேட்டுச்சு.” பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்தார். “ஆர்டர் டைப் பண்ணச் சொல்லுங்க. கௌசர் பானு. நிரந்தரம்.”

கௌசர் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். செக்கிங் டேபிளின் ட்யூப்லைட் ஒரு கணம் கண்ணில் வந்து அணைந்தது. நன்றி சொல்ல வேண்டும். வாயைத் திறந்தாள். வந்தது வேறு.

“சார், நாப்பத்திரண்டு பேருக்கு ஒரே ஒரு மைக்ராஸ்கோப்தான் இருக்கு.”

“அம்மா,” என்றார் ஹெச்.எம். பதறி. “ஆர்டரே இன்னும் டைப் ஆகல.”

“எத்தனை வேணும்?” என்றார் வக்கார் அகமது.

“மூணு சார்.”

“ரெண்டு இப்ப. மூணாவது வேணும்னா சனிக்கிழமை டேனரிக்கு வந்து என் சூப்பர்வைசருங்களுக்கு இதே பாடத்தை எடுக்கணும். ஏன் உப்பு போடறோம், ஏன் ஊற வெக்கறோம், ஒருத்தனுக்கும் தெரியாது. எனக்கே இப்பத்தான் தெரிஞ்சுது.”

“வர்றேன் சார். ஆனா உதறின உப்பு எங்க போவுதுன்னும் சேர்த்துத்தான் எடுப்பேன்.”

ஹெச்.எம். கண்ணை மூடிக்கொண்டார். வக்கார் அகமது அவளை ஒரு முழு விநாடி பார்த்தார்.

“எடுங்க,” என்றார். “நானும் உட்கார்றேன்.”

அதோடு அவர் கிளம்பியிருக்க வேண்டும். வெளியே கார் நின்றது, டிரைவர் கதவைத் திறந்து வைத்திருந்தார். ஆனால் அவர் கால் வாசல் பக்கம் போகவில்லை. செத்துப்போன அந்த ஓரத்துச் செல்லை இன்னொரு தரம் பார்க்க வேண்டும் போலிருந்தது. மெல்ல மைக்ராஸ்கோப் பக்கம் வந்து குனியப் போனார்.

“சார்,” என்றாள் தமிழினி. “லைன்ல வாங்க.”

ஹெச்.எம். அவளைப் பார்த்துப் பதறிக் கையை ஆட்டினார். வக்கார் அகமது வரிசையை ஒரு பார்வை பார்த்தார். இரண்டாவது சுற்றுக்கு அதற்குள் இருபது பேர் சேர்ந்திருந்தார்கள். நேரே போய்க் கடைசியில் நின்ற தௌசீப்புக்குப் பின்னால் நின்றுகொண்டார்.